துலாம்பெனில் ஒரு வாரம்: கடலடி மேக்ரோ படம் எடுக்கப் பழகுவது எப்படி?

கேள்வி இதுதான். அந்தமானின் ஹேவ்லாக்கில் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை ஸ்கூபா பயிற்சியை முடித்தவர், அதற்கப்புறம் முப்பது டைவ் வரை போட்டிருக்கிறார். இப்போது பாலியில் இருக்கும் துலாம்பெனுக்கு ஒரு வாரம் போகிறார். நுடிபிராங்க் என்னும் கடல்நத்தை, இறால், கடல்குதிரை போன்ற சின்ன உயிர்களை மிக நெருங்கிப் பெரிதாக, அதாவது மேக்ரோவாக, படம் எடுக்க ஆசை. எந்தக் கேமரா வாங்குவது, இதற்கு முன் ஆக்‌ஷன் கேமராவில் எடுத்ததெல்லாம் ஏன் நீலமாகவும் மங்கலாகவும் வந்தது, ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். போட்டிக்கு அனுப்பும் படம் ஒரு வாரத்தில் வந்துவிடாது. ஆனால் இனி எதைப் பழக வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். அதற்கு ஒரு யோசனை: பாடத்திட்டத்தைக் கேமராவை வைத்துப் போடாமல் பிராணிகளை வைத்துப் போடுங்கள். ஊர்ந்து போகிற பிராணி வெளிச்சத்தைக் கற்றுக்கொடுக்கும், பயந்து ஒளிகிற பிராணி நெருங்கும் விதத்தைக் கற்றுக்கொடுக்கும். பிக்மி சீஹார்ஸ் எனப்படும் குட்டிக் கடல்குதிரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே கைடிடம் அதைத்தான் கேட்கிறார்கள், முதல் நாளே ஏமாந்தும் போகிறார்கள்.

கேமராவை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. உங்கள் நிலைக்கு ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போதும். ஒலிம்பஸ் பெயரில் வந்த பழைய டிஜி-6 நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் சரி; தண்ணீர் புகாமல் கேமராவை மூடும் பிடி-059 ஹவுசிங் இரண்டுக்கும் பொருந்தும். இதில் மைக்ரோஸ்கோப் மோடு என்று ஒன்று இருக்கிறது. லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருப்பதைக்கூட ஃபோகஸ் செய்துவிடும். கேமரா தனியாகவே 15 மீட்டர் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அதை நம்பி ஹவுசிங் இல்லாமல் டைவுக்குக் கொண்டுபோக வேண்டாம். 15 மீட்டர் என்பது நீங்கள் கவனிக்காமலே தாண்டிவிடுகிற ஆழம். ஹவுசிங்கில் போட்டால் 45 மீட்டர் வரை கவலையில்லை. குறை என்று பார்த்தால், எல்லா அமைப்பையும் நாமே வைக்கிற முழு மேனுவல் மோடு கிடையாது. தொடக்கத்தில் அது பெரிய இழப்பாகத் தெரியாது.

வீட்டில் ஏற்கெனவே லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா இருந்தால்? இந்தப் பயணத்துக்காக அதற்கு ஹவுசிங் வாங்க அவசரப்பட வேண்டாம் என்பேன். நல்ல அலுமினிய ஹவுசிங் பல சமயம் கேமராவைவிட விலை கூடியது. அதோடு சென்சார் பெரிதாகப் பெரிதாக மேக்ரோவில் தெளிவாக விழுகிற ஆழம் குறைந்துகொண்டே போகும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒரு பிராணியை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழவைத்தால், லென்ஸின் துவாரத்தை (அபெர்ச்சர்) எஃப்/16 என்று மிகச் சின்னதாக வைத்தும் சுமார் 2 மில்லிமீட்டர்தான் ஷார்ப்பாக இருக்கும். ஓர் அரிசி மணியின் பருமன், அவ்வளவுதான். தண்ணீரில் மிதந்துகொண்டு அந்த 2 மில்லிமீட்டரைக் கண்ணின் மேல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். டிஜி மாதிரி சின்ன சென்சார் கேமரா இங்கே பழகுகிறவருக்கு நிறையவே விட்டுக்கொடுக்கும்.

மிச்சப்படும் காசை ஸ்ட்ரோப்பில், அதாவது தண்ணீருக்கடியில் எரியும் தனி ஃபிளாஷில், போடுங்கள். உங்கள் பழைய படங்கள் நீலமாக வந்ததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு. ஐந்து மீட்டர் இறங்குவதற்குள்ளேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும், பின்னாலேயே ஆரஞ்சும் மஞ்சளும் மங்கும். உங்கள் கண்ணும் மூளையும் அதைச் சரிக்கட்டிக் காட்டும், கேமரா அப்படியே பதிவு செய்யும். ஸ்ட்ரோப் வெளிச்சம் பிராணிக்குச் சில சென்டிமீட்டர் பக்கத்திலிருந்து கிளம்புவதால், தண்ணீர் விழுங்குவதற்கு நேரமே இல்லை. நிறம் முழுசாக வரும். மங்கலுக்குக் காரணம் வேறு. ஆக்‌ஷன் கேமராக்கள் பெரும்பாலும் ஓர் அடியாவது தள்ளி இருப்பதைத்தான் தெளிவாகக் காட்டும்படி செய்யப்பட்டவை. அதைக் கொண்டுபோய் இறாலின் மூக்கில் இடித்தால் மங்காமல் என்ன செய்யும்?

வீடியோ டார்ச் போதாதா என்பது அடுத்து எல்லோரும் கேட்பது. ஃபோகஸ் பிடிக்க ஒரு சின்ன டார்ச் கட்டாயம் வேண்டும். படத்துக்கு அதுவே வெளிச்சம் என்றால், சின்ன அபெர்ச்சர் வைக்கிற அளவுக்கு அது பத்தாது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) ஏற்ற வேண்டிவரும், ஷட்டர் வேகத்தைத் தாழ்த்த வேண்டிவரும், அலை ஆட்டுகிற ஆட்டத்தில் படம் கலங்கிவிடும். ஸ்ட்ரோப் தன் முழு வெளிச்சத்தையும் நொடியில் ஒரு துளிக்குள் கொட்டிவிடுவதால் அசைவு உறைந்துபோகும். முதலில் ஒரே ஒரு ஸ்ட்ரோப் போதும். ஃபைபர் ஆப்டிக் கேபிளால் இணைத்து, ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிப் பகுதியான லென்ஸ் போர்ட்டுக்கு நேர் மேலே வைத்து, கீழ்நோக்கிச் சற்றே முன்னால் சாயுங்கள். அதுவும் இப்போது முடியாதென்றால், உள் ஃபிளாஷை லென்ஸைச் சுற்றிப் பரப்பிவிடும் எஃப்டி-1 டிஃப்யூசர் ஒன்றை ஒலிம்பஸே போட்டது. மிக நெருங்கி எடுக்கிற படத்துக்கு அது ஆச்சரியமாக வேலை செய்யும்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சாதாரண மூச்சில் உள்ளே போகிற காற்று ஏறக்குறைய அரை லிட்டர். அரை லிட்டர் காற்று உங்களை அரைக் கிலோ விசையில் மேலே தூக்கும். ஷார்ப்பாக விழுவது சில மில்லிமீட்டர். மேக்ரோ படம் கெடுவது பத்துக்கு எட்டு முறை இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான், லென்ஸால் அல்ல. உடனே "அப்ப மூச்சை அடக்கிக்கிட்டு எடுக்கலாமா?" என்று தோன்றும். கூடாது. ஸ்கூபாவில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற விதி அது. மூச்சை அடக்கியபடி கொஞ்சம் மேலே போனால்கூட நுரையீரலில் காற்று விரிந்து கிழிசல் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. செய்ய வேண்டியது வேறு: மெதுவாக மூச்சு விட்டு முடியும்போது, அடுத்த மூச்சு தானாகத் தொடங்குவதற்கு முன், இயல்பாகவே ஒரு சின்ன இடைவெளி வரும். தொண்டையை மூடாமல், அந்த இடைவெளியில் ஷட்டரை அழுத்துங்கள்.

எடை பெல்ட்டைச் சரிபாருங்கள். முப்பது டைவ் போட்ட பலர் தேவைக்கு ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். கூடுதல் எடையைச் சமாளிக்க, காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்டான பிசிடியில் கூடுதல் காற்று, அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் விரிந்து சுருங்கி உங்களை ஆட்டிவைக்கும். டைவ் முடியப்போகையில், டாங்கில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது ஐந்து மீட்டரில் பிசிடியைக் காலி செய்துவிட்டு அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். மூழ்கினால் அடுத்த டைவில் ஒரு கிலோவைக் கழற்றுங்கள்.

அடுத்து பின்னோக்கி உதைப்பது. டைவர்களில் பாதிப் பேருக்கு இது வராது, வராமலே சமாளித்தும் விடுகிறார்கள். மேக்ரோவில் சமாளிக்க முடியாது. பிராணிக்கு மிக அருகில் போய்விட்டீர்கள், படமும் எடுத்துவிட்டீர்கள், இப்போது எப்படி விலகுவது? பின்னுதை தெரியாதவர் கையை ஊன்றித் தள்ளுவார், அல்லது அங்கேயே திரும்புவார். திரும்பும்போது ஃபின் கிளப்புகிற மணல், காத்திருக்கும் அடுத்த ஆளின் படத்தையும் கெடுக்கும். ஊருக்குப் போகும் முன் ஏதாவது டைவ் சென்டரின் நீச்சல் குளத்தில் டாங்கோடு ஒரு மணி நேரம் கேளுங்கள். தரையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டு, தலை சற்றுத் தாழ, ஃபின் சற்று உயர, ஒரு சாண் உயரத்தில் நில்லுங்கள். பின்னால் வாருங்கள். மறுபடி முன்னால் போங்கள். கேமரா அப்புறம்.

கையை ஊன்றுவது பற்றி ஒன்று. துலாம்பெனில் வெறும் மணலில், ஓர் உலோகக் குச்சியின் முனையை ஊன்றி உடலை நிலைநிறுத்திக்கொள்வது வழக்கம். பவளத்தின் மேல் எதையும் ஊன்றக் கூடாது. மணல் என்றாலும் முதலில் உற்றுப் பாருங்கள். அந்தச் சரிவுகளில் தேள்மீன் உண்டு, கல்மீன் உண்டு, தொட்டால் தீயாக எரிக்கும் கடல்முள்ளெலி உண்டு. முட்டி போட்டு உட்காரும் பழக்கம் இருந்தால் அதைக் குளத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். துலாம்பென் ஆகுங் எரிமலையின் அடிவாரம், மணல் கறுப்பு. படகு தேவையில்லை, கரையிலிருந்தே இறங்கலாம். அந்த ஊரை டைவர்களுக்குத் தெரியவைத்தது லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ பட்டு, இழுத்து வரப்பட்டு, இந்தக் கரையில் ஏற்றப்பட்டது. 1963இல் ஆகுங் வெடித்தபோது நிலம் அதிர்ந்து கடலுக்குள் சரிந்தது. ஒரு காலை அதைப் போய்ப் பார்த்துவிடுங்கள், பார்க்க வேண்டிய இடம்தான். மீதி நாட்களை செராயா சீக்ரெட்ஸ் போன்ற வெறும் மணல் சரிவுகளுக்கு வையுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. கரையெல்லாம் உருண்டைக் கற்கள், அலை அடித்தால் கால் நிற்காது. டாங்குகளை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நீங்கள் கேமராவைக் கைடிடம் கொடுத்துவிட்டு, ஃபின் மாட்டி ஆழத்துக்குப் போனபிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் நுடிபிராங்க் மட்டும். ஓடு இல்லாத கடல்நத்தை வகை. இதுவரை மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. கண் பார்வை என்று சொல்லிக்கொள்ள அதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஓடவும் ஓடாது. நீங்கள் ஐம்பது முறை தவறாக எடுத்தாலும் அதே இடத்தில் கடற்பஞ்சைத் தின்றுகொண்டிருக்கும். தலையில் இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவைதான் அதற்கு மூக்கு. ஃபோகஸ் அந்தக் கொம்பின் மேல் விழ வேண்டும். முதுகில் பூப்போல விரியும் செவுள் மங்கினாலும் பரவாயில்லை. ஐஎஸ்ஓவை 100 அல்லது 200இல் பூட்டிவிடுங்கள், ஃபிளாஷ் கட்டாயம் எரியும்படி வையுங்கள், அதற்கப்புறம் ஸ்ட்ரோப்பின் சக்தியை மட்டும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. மேனுவல் கேமரா வைத்திருப்பவருக்கு 1/200 நொடி, எஃப்/11 முதல் எஃப்/16, ஐஎஸ்ஓ 200 நல்ல தொடக்கம். இந்த அமைப்பில் சூரிய வெளிச்சம் படத்தில் ஏறாது, பிராணிக்குப் பின்னால் வெறும் தண்ணீர் இருந்தால் பின்னணி கறுத்துவிடும். நீலம் வேண்டுமென்றால் ஷட்டரை 1/60 வரை தாழ்த்தி, அபெர்ச்சரைத் திறந்து, கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள்.

இந்த "கீழிருந்து" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே மிதந்தபடி நேர் கீழாக எடுத்த படம் அடையாள அட்டைப் படம்தான்: இனம் தெரியும், உயிர் தெரியாது. பிராணியின் கண் மட்டத்துக்கு இறங்கினாலே பாதி வேலை முடிந்தது. இறங்க முடியாத இடத்தில் இருக்கிறதா, விட்டுவிட்டு இறங்க முடிகிற இடத்தில் இருப்பதைத் தேடுங்கள். நல்ல மேக்ரோ படக்காரர்கள் அழகான பிராணியைவிட வசதியான இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிராணியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்தால், லென்ஸுக்கும் பிராணிக்கும் நடுவில் இருக்கிற தூசியின் மேல் ஸ்ட்ரோப் அடிக்கிறது என்று பொருள். இன்னும் நெருங்குங்கள், நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறையுங்கள். கலங்கல் நாளிலும் மேக்ரோ எடுக்க முடிவது இதனால்தான். புதுச்சேரியில் கண்ணுக்கு நாலு மீட்டர்கூடத் தெரியாத நாளை வீணாகிவிட்டது என்று நினைக்காமல் இதற்குப் பயன்படுத்தலாம்.

மூன்றாம் நாள் இறாலும் கோபி மீனும் சேர்ந்து வாழும் பொந்துக்குப் போங்கள். எனக்கு மிகப் பிடித்த ஆசிரியர் இவர்கள்தான். பார்வை மிக மங்கலான ஒரு இறால் மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டிப் பொந்தைப் பராமரிக்கும். வாசலில் கோபி மீன் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையை மீனின் உடம்பின் மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலுப்பு சிலுப்பும், இறால் உள்ளே போய்விடும். இன்னும் நெருங்கினால் மீனும் தலைகீழாக உள்ளே பாயும். மறுபடி வெளியே வரப் பல நிமிடம் ஆகும். இங்கேதான் உங்கள் நிழலும் குமிழியும் எவ்வளவு பெரிய சத்தம் என்பது தெரியவரும். இரண்டு மீட்டர் தள்ளி மணலோடு மணலாகத் தாழ்ந்து நில்லுங்கள். மீன் பதற்றம் அடங்கி, மணலை வாயில் அள்ளித் துப்பத் தொடங்கினால் ஓர் அடி முன்னால் போங்கள். உடம்பு விறைத்தால் நில்லுங்கள். மூச்சைப் பொலபொலவென்று கொட்டாமல் சன்னமாக விடுங்கள். டார்ச்சை நேரே அடிக்காமல் ஓரமாகப் படவிடுங்கள். ஒரு டைவ் முழுக்க இந்த ஒரு பொந்திலேயே போனாலும் போகட்டும். கேமரா இல்லாமல் பார்த்தாலும் கொடுத்த காசுக்குத் தகும்.

லீஃப் ஷீப் என்று டைவர்கள் கூப்பிடும் பச்சைக் குட்டிப் பிராணி இடையில் ஒரு நாளுக்கு. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தான் தின்னும் பாசியிலிருந்து பசுங்கணிகங்களை எடுத்துத் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்ளும் வகை, அதனால்தான் அந்தப் பச்சை. இதில் உங்களுக்குக் கிடைக்கிற பயிற்சி, பெரிதாக்கிய ஃபிரேமுக்குள் பொருளைக் கண்டுபிடிப்பது. முழு ஜூமோடு தேடினால் பாசியைத் தவிர எதுவும் தெரியாது. ஜூமைக் குறைத்து, பிராணியை நடுவில் கொண்டுவந்து, அப்புறம் ஜூமைக் கூட்டிக்கொண்டே நெருங்குங்கள். ஃபோகஸைப் பூட்டிவிட்டு உடம்பை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக முன்னால் விடுங்கள். ஒரே இழுப்பில் பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும். அந்த விகிதம் கேவலம் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான்.

கடைசியில் குட்டிக் கடல்குதிரை. 1969இல் நியூ கலிடோனியாவில் பார்கிபாண்ட் என்பவர் நூமியா மீன் காட்சியகத்துக்காக விசிறிப் பவளம் சேகரித்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. அடுத்த வருடமே அவர் பெயரில் ஹிப்போகேம்பஸ் பார்கிபாண்டி என்று பெயர் வைத்தார்கள். பவளத்தை ஒடித்துக் கையில் வைத்துப் பார்த்தவருக்கே உடனே தெரியாத பிராணி, இரண்டு சென்டிமீட்டர் உயரம், பவளத்தின் மொட்டுகளைப் போலவே உடம்பெங்கும் முண்டு. வழக்கமாக 16 மீட்டருக்குக் கீழேதான் கிடைக்கும், அதனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பவளமோ அலையில் ஆடிக்கொண்டிருக்கும். கேமராவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அதன் வழக்கம். இதுவரை பழகிய எல்லாமே ஒரே நேரத்தில் தேவைப்படும். நாலைந்து படம், அதற்கு மேல் வேண்டாம், வரிசையில் அடுத்தவருக்கு இடம் விடுங்கள். ஓப்பன் வாட்டர் அட்டை 18 மீட்டருக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபிளாஷ் அவற்றின் கண்ணைக் கெடுக்காதா என்ற கவலை நியாயமானது. 2019இல் மார்டன் டி பிராவரும் குழுவினரும் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு கடல்குதிரை போன்ற அடித்தட்டு மீன்களை வைத்து இதைச் சோதித்தது. மனிதர் பக்கத்தில் இருப்பதால் உண்டாகும் தொந்தரவைவிட ஃபிளாஷ் கூடுதலாக எதுவும் செய்யவில்லை என்றும், தொட்டு நகர்த்துவதுதான் பெரிய பாதிப்பு என்றும் அதில் தெரியவந்தது. ஆனால் நடைமுறையில் நடப்பது அந்தத் தொட்டு நகர்த்துவதுதான். நல்ல படம் கிடைத்தால் டிப்ஸ் கூடும் என்று கைடுகள் குச்சியால் திருப்புவார்கள், தள்ளுவார்கள், எடுத்து வேறு இடத்தில் வைப்பார்கள். அவர்கள் பிழைப்பு அது, அவர்களைத் திட்டிப் பயனில்லை. இறங்குவதற்கு முன்பே, "எதையும் தொட வேண்டாம், திரும்பி உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள். ஒரு டைவுக்கு இரண்டு பிராணி போதும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் இருபதைக் காட்டித் திணறடித்துவிடுவார்கள்.

மீதி எல்லாம் சில்லறை விஷயம், ஆனால் விட்டால் வலிக்கும். ஹவுசிங்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் ஏறும். ஹவுசிங்கை ராத்திரி அறை வெளிச்சத்தில் நிதானமாக மூடி வையுங்கள், காலையில் கரையில் திறக்க வேண்டாம். புது ஹவுசிங்கை முதலில் கேமரா இல்லாமல் ஒரு டைவுக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். அசையாமல் ஒரு மணி நேரம் கிடந்தால் 28 டிகிரி தண்ணீரும் குளிரும், 3 மி.மீ. வெட்சூட் போதாதவர்கள் 5 மி.மீ. கேட்டு வாங்குங்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் காற்று எப்போது தீர்ந்தது என்றே தெரியாது. ஒவ்வொரு பிராணிக்கு முன்னும் பின்னும் காற்றளவு காட்டும் கேஜைப் பார்ப்பது, கூட வந்தவர் எங்கே என்று பார்ப்பது, இரண்டையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விமானத்துக்கு முன் 18 மணி நேரம் டைவ் கூடாது, ஆக கடைசி நாள் கடல் கிடையாது. அன்று உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பெரிய திரையில் பாருங்கள். ஷார்ப் இல்லாதவற்றைத் தயங்காமல் அழியுங்கள். மிஞ்சியவற்றில் எந்தெந்தப் படத்தில் பிராணியின் கண் மட்டத்துக்கு இறங்கியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் அடுத்து இந்தோனேசியாவின் லெம்பேக்கோ பிலிப்பைன்ஸின் அனிலாவோவுக்கோ டிக்கெட் பார்க்கலாம். குறைவாக இருந்தால் மறுபடியும் துலாம்பென்தான், அதே நுடிபிராங்க்தான். ஸ்ட்ரோப் பாட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.